ஜிஜிபிளாட்2: குழுத் தரவுகளை ஒப்பிட எவ்வளவு கைகொடுக்கிறது?

புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற நிரல் மொழியில் வரைபடம் போட வேண்டும் என்றால் இன்று பெரும்பாலோர் முதலில் நாடுவது ஜிஜிபிளாட்2 (ggplot2) என்ற பேக்கேஜை, அதாவது துணை நிரல் தொகுப்பைத்தான். எந்தப் படத்தையும் அச்சு, நிறம், வடிவம் போன்ற உறுப்புகளின் சேர்க்கையாகப் பார்க்கும், லீலண்ட் வில்கின்சன் 1999-இல் முன்வைத்த வரைபட இலக்கணக் கருத்தை அடித்தளமாகக் கொண்டு, ஹாட்லி விக்கம் இதை 2007-இல் வெளியிட்டார். இதன் எல்லாத் திறன்களையும் எடைபோடுவது இந்த மதிப்புரையின் நோக்கமன்று. பல குழுக்களாகப் பிரிந்திருக்கும் தரவை ஒரே படத்தில் நேர்மையாக ஒப்பிட்டுக் காட்டும் வேலைக்கு இது எந்த அளவு உதவுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வு மாணவர்களின் தரவுகளுக்குப் புள்ளியியல் உதவி செய்வது என் வேலை. அவர்களில் பெரும்பாலோர் கொண்டுவருவது இத்தகைய தரவைத்தான்: மூன்று உர அளவுகள், இரண்டு இரகங்கள், ஒவ்வொன்றுக்கும் சில அளவீடுகள், இவற்றுக்கு எந்தப் படம் பொருந்தும் என்ற கேள்வி.

மாணவர்களின் தரவை வெளியே காட்ட முடியாது என்பதால், ஆருடன் எவருக்கும் கிடைக்கும் இரண்டு தரவுத் தொகுப்புகளைக் கொண்டு விளக்குகிறேன். முதலாவது 'டூத்குரோத்'. அறுபது கினிப்பன்றிகளுக்கு நாளொன்றுக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என்ற மூன்று அளவுகளில் வைட்டமின் சி கொடுக்கப்பட்டது. ஒரு பாதிக்கு ஆரஞ்சுச் சாறாகவும், மறு பாதிக்கு அஸ்கார்பிக் அமிலமாகவும். அளக்கப்பட்டது பல் வளர்ச்சிக்குக் காரணமான செல்களின் நீளம். ஆறு குழுக்கள், குழுவுக்குப் பத்து விலங்குகள். இரண்டாவது, அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளக்கப்பட்ட 344 பெங்குவின்களின் தரவு. இது தனிப் பேக்கேஜாக 2020-இல் வெளிவந்தது. 2025-இல் வந்த ஆர் 4.5.0 முதல் ஆருக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பேக்கேஜில் நான் மிகவும் மதிப்பது, எதை எதன் பக்கத்தில் நிறுத்தப் போகிறோம் என்பதை நம் வாயாலேயே சொல்ல வைக்கும் அதன் கட்டமைப்பு. விரிதாள் மென்பொருளில் எண்களைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு படம் வந்துவிடும்; குழுக்கள் எந்த வரிசையில் அமர்ந்தன, ஏன் அப்படி அமர்ந்தன என்று யாரும் கேட்பதில்லை. ஜிஜிபிளாட்2-இல் கிடைமட்ட அச்சில் எந்த மாறி, நிறத்தில் எந்த மாறி, தனித்தனிக் கட்டங்களாகப் பிரிக்க எந்த மாறி என்று ஒவ்வொன்றையும் எழுதியாக வேண்டும். இப்படி எழுதும்போதே நம் கேள்வி என்ன என்பது நமக்குத் தெளிவாகிவிடுகிறது.

டூத்குரோத்தையே பாருங்கள். ஆறு குழுச் சராசரிகள் இவை: ஆரஞ்சுச் சாற்றுக்கு 13.23, 22.70, 26.06, அஸ்கார்பிக் அமிலத்துக்கு 7.98, 16.77, 26.14. கிடைமட்ட அச்சில் அளவையும் நிறத்தில் கொடுத்த முறையையும் வைத்தால், ஒவ்வோர் அளவிலும் சாறும் அமிலமும் அருகருகே நிற்கும். 'ஒரே அளவில் எந்த முறை மேல்?' என்ற கேள்விக்குக் கண் உடனே விடை காணும். இரண்டையும் இடம் மாற்றினால், சாற்றின் மூன்று அளவுகள் ஒரு கொத்தாகவும் அமிலத்தின் மூன்று அளவுகள் இன்னொரு கொத்தாகவும் வரும். அப்போது படம் பேசுவது 'அளவு கூடக் கூட வளர்ச்சி எப்படிக் கூடுகிறது?' என்பதைப் பற்றி. எண்கள் அதே ஆறுதான். ஆயினும் படிப்பவர் எடுத்துச் செல்லும் செய்தி வேறு. மாற்றுவதற்கு ஆகும் உழைப்போ ஒரே வரியில் இரண்டு சொற்களை இடம் மாற்றுவது மட்டுமே. இரண்டு படங்களையும் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் எனக்கு வந்ததே இந்த எளிமையால்தான்.

இந்த ஆறு எண்களில் உண்மையில் சுவையானது இன்னொன்று. 0.5-இல் சாறு 5.25 முந்துகிறது, 1-இல் 5.93 முந்துகிறது, 2-இல் வேறுபாடு ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பட்டை வரைபடத்தில் இதைப் பார்க்கக் கண் சற்று உழைக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் சராசரிப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் இரண்டு கோடுகளும் கடைசியில் ஒன்றாகக் கூடுவது பளிச்சென்று தெரிகிறது. அளவுகளுக்கு இயல்பான ஏறுவரிசை இருப்பதால் அவற்றைக் கோட்டால் இணைப்பதில் தவறில்லை. இரகப் பெயர்களை இப்படி இணைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஓர் எச்சரிக்கை: அளவைக் காரணியாக, அதாவது எண்ணாக அன்றிக் குழுப் பெயராகக் கொள்ளப்படும் வகையாக, மாற்றிய பிறகு கோடு வரையச் சொன்னால் கோடே வராது, ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு மதிப்பு இருப்பதாகச் செய்தி வரும். 'குரூப்' என்ற இடத்தில் முறையின் பெயரைத் தந்தால் சரியாகிவிடும். மாறாக, அளவைக் காரணியாக மாற்றாமல் எண்ணாகவே விட்டுப் பெட்டி வரைபடம் கேட்டால், மூன்று அளவுகளும் சேர்ந்து ஒரே பெட்டியாக வந்து நிற்கும். ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இந்த இரண்டு இடங்களுக்கும் காரணம் ஒன்றுதான்: எது குழு, எது எண் என்பதை இந்தப் பேக்கேஜ் தரவின் வகையைப் பார்த்தே முடிவு செய்கிறது.

இனி குறைகள். பட்டை வரைபடத்தில் இதன் இயல்பு அமைப்புகள் குழு ஒப்பீட்டுக்கு உகந்தவையாக இல்லை என்பது என் உறுதியான கருத்து. நிறத்தால் குழுக்களைப் பிரித்தால், வேறு எதுவும் சொல்லாதவரை, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். எண்ணிக்கைகளுக்கு அது பொருந்தும். சராசரிகளுக்கு அது பொருளற்றது. 13.23-இன் மேல் 7.98-ஐ அடுக்கினால் வரும் 21.21 எந்த விலங்கின் எந்த அளவும் அன்று. இதைவிடக் கொடியது, சராசரி கணக்கிடாமல் மூலத் தரவையே 'ஜியோம்_கால்' என்ற கட்டளைக்குக் கொடுப்பது. அப்போது இருபது விலங்குகளின் நீளங்களும் கூட்டப்பட்டு, 0.5 மில்லிகிராமுக்கு 212.1 உயரமுள்ள ஒரு பட்டை வரும். பட்டைகளை அருகருகே வைக்க 'டாட்ஜ்' என்று சொன்னால் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அப்போதும் ஒரே குழுவின் பத்துப் பட்டைகள் ஒன்றன்மீது ஒன்று மறைந்து நிற்பதால், கண்ணுக்குத் தெரிவது அந்தக் குழுவின் உச்ச மதிப்பு. சாற்றின் 0.5 குழுவுக்குச் சராசரி 13.23 ஆக இருக்க, படம் 21.5 என்று காட்டும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் இத்தகைய தவறான படத்தை ஓர் ஆய்வேட்டின் இறுதிப் பிரதியில் பார்த்து நான் பதறியிருக்கிறேன். அந்த மாணவரும் வழிகாட்டியும் பலமுறை பார்த்தும் ஐயம் எழாத அளவுக்கு அது ஒழுங்காக இருந்தது.

எனவே, பட்டை வேண்டுமென்றால் சராசரிகளை முதலில் தனி அட்டவணையாகக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு வரையுங்கள் என்பதே என் பரிந்துரை. 'ஸ்டாட்_சம்மரி' என்ற கட்டளை கணக்கையும் படத்தையும் ஒரே அடியில் முடித்துத் தரும், வசதிதான். ஆனால் எந்தக் கணக்கு என்று நாம் சொல்லாவிட்டால் அது சராசரியுடன் திட்டப்பிழையை எடுத்துக்கொள்கிறது. இது சிறிய விஷயமன்று. சாற்றின் 0.5 குழுவுக்குத் திட்ட விலக்கம் 4.46, பத்து விலங்குகள் என்பதால் திட்டப்பிழை 1.41; 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியின் பாதி நீளம் ஏறத்தாழ 3.19. ஒரே பட்டையின் தலையில் இந்த மூன்றில் எதையும் பிழைக்கோடாக நிறுத்தலாம். பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். விலங்குகள் தமக்குள் எவ்வளவு வேறுபட்டன என்று சொல்வது முதலாவது. சராசரியை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறோம் என்று சொல்வன மற்ற இரண்டும். படத்தின் அடிக்குறிப்பில் எது என்று எழுதாத பிழைக்கோடு வாசகருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பிழைக்கோடு பட்டையின் நடுவில் உட்காராமல் ஒதுங்கி நிற்பது இன்னொரு நித்தியத் தொல்லை. பட்டைக்கு 0.9 அகலத்தில் விலகச் சொன்னால் கோட்டுக்கும் அதே 0.9-ஐச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பட்டையே வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுவது ஒரே அளவுகோலின் மீதுள்ள இடங்களை என்றும், நீளம், கோணம், பரப்பு ஆகியவற்றை ஒப்பிடுவதில் துல்லியம் படிப்படியாகக் குறைகிறது என்றும் காட்டினார்கள். அடுக்குப் பட்டையின் மேல்பகுதிகளை ஒப்பிடுவது ஏன் கடினம் என்பதற்கும், வட்ட வரைபடத்தில் நெருங்கிய துண்டுகள் ஏன் குழப்புகின்றன என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பத்துப் பத்து அளவீடுகளே இருக்கும்போது, அந்தப் பத்தையும் புள்ளிகளாகவே காட்டிவிட்டு, சராசரிக்கு ஒரு சிறு கோடு போடுவதைத்தான் நான் எப்போதும் முதலில் முயல்வேன். புள்ளிகள் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க 'ஜியோம்_ஜிட்டர்' அவற்றைச் சிதறடிக்கும். ஆனால் சும்மா விட்டால் மேலும் கீழும்கூட நகர்த்திவிடும். உயரத்தில் நகர்த்துவது தரவை மாற்றுவது. உயரத்துக்குச் சுழியம் என்று சொல்ல மறக்கவே கூடாது.

பெட்டி வரைபடத்தைப் பற்றிச் சொல்லப் பெங்குவின்கள் வேண்டும். ஜான் டூக்கி 1970-களில் பரவலாக்கிய இந்த வடிவத்தை ஜிஜிபிளாட்2 மிக அழகாக வரைகிறது. இடைநிலை (வரிசையின் நடு மதிப்பு), கால்மானங்கள் (வரிசையை நான்காகப் பிரிக்கும் மதிப்புகள்), ஒதுங்கிய மதிப்புகள் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். மூன்று இனங்களின் உடல் எடைக்குப் பெட்டி போட்டால் அடீலிக்கும் சின்ஸ்ட்ராப்புக்கும் இடைநிலை 3700 கிராம், ஜென்டூவுக்கு 5000 கிராம். ஜென்டூ பெரியது என்ற செய்தி தெளிவாகக் கிடைத்துவிட்டது. ஆனால் ஜென்டூவின் பெட்டிக்குள் ஒளிந்திருப்பது இரண்டு கூட்டங்கள்: சராசரி 4680 கிராமுள்ள பெண் பறவைகள், 5485 கிராமுள்ள ஆண் பறவைகள். அந்த 5000 என்பது இரண்டு கூட்டத்துக்கும் இடையே, பறவைகள் ஒப்பீட்டளவில் குறைவாக இருக்கும் இடத்தில் விழுகிறது. பெட்டியைப் பார்த்து இதை ஊகிக்கவே முடியாது, ஏனெனில் ஒரு மேடா இரண்டு மேடா என்பதைச் சொல்லும் உறுப்பே அந்த வடிவத்தில் இல்லை. ஆணா பெண்ணா என்ற மாறியை நிறத்தில் வைத்து ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டு பெட்டிகளாகப் பிரித்ததும் படம் தெளிந்துவிடுகிறது.

மதிப்புகள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்பதை வளைவின் அகலத்தால் காட்டும் வயலின் வரைபடம் அந்த இரண்டு மேடுகளையும் காட்டும். 123 எடைகள் உள்ள ஜென்டூவுக்கு அதை நம்பலாம். பத்து விலங்குகள் உள்ள குழுவுக்கு வயலின் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பத்துப் புள்ளிகளைச் சுற்றி இழுக்கப்படும் அந்த வழவழப்பான வளைவில் பாதிக்கு மேல் மென்பொருளின் கற்பனை. இன்னொன்றும் உண்டு: இயல்பு அமைப்பில் எல்லா வயலின்களும் ஒரே பரப்புடன் வரையப்படுவதால், 68 சின்ஸ்ட்ராப்புகளும் 151 அடீலிகளும் சம பலமுள்ள சான்றுகள் போலத் தெரியும். 'ஸ்கேல்' என்ற இடத்தில் எண்ணிக்கையைப் பின்பற்றச் சொல்லலாம். பெட்டிகளுக்கும் அகலத்தை எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றும் வசதி இருக்கிறது. இரண்டையும் தேடிப்போய்த்தான் இயக்க வேண்டும். பெட்டியின் மேல் புள்ளிகளையும் தூவுபவர்கள், பெட்டி தானாகப் போடும் ஒதுங்கிய புள்ளிகளை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பறவை இரண்டு முறை தோன்றும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று நான் கருதுவது அச்சின் எல்லையைக் குறுக்கும் 'ஒய்லிம்' கட்டளை. 3000 முதல் 5000 வரை மட்டும் காட்டு என்று இதனிடம் சொன்னால், அது படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதாகத்தான் எவரும் எண்ணுவார்கள். உண்மையில், 5000-க்கு மேலுள்ள பறவைகளைத் தரவிலிருந்தே நீக்கிவிட்டு, மிஞ்சியவற்றைக் கொண்டு இடைநிலையைக் கணக்கிடுகிறது. ஜென்டூவின் பெட்டி கீழே இறங்கிவிடும். அதன் இடைநிலை இனி 5000 அன்று. சில வரிகள் நீக்கப்பட்டன என்ற ஒரு செய்தி வருகிறது என்பது உண்மையே; விடுபட்ட மதிப்புகளுக்கும் அதே போன்ற செய்தி வருவதால் அதை யாரும் படிப்பதில்லை. தரவைத் தொடாமல் பார்வையை மட்டும் குறுக்க 'கோஆர்ட்_கார்ட்டீசியன்' என்ற தனிக் கட்டளை இருக்கிறது. குழு ஒப்பீட்டில் ஈடுபடுபவர் முதல் நாளே கற்க வேண்டியது இது.

குழுக்களின் வரிசையும் கவனிப்புக்குரியது. பெயர்கள் வெறும் எழுத்துகளாக இருந்தால் அகரவரிசையில் வந்து நிற்கும். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வர வேண்டியவை அதிகம், குறைவு, நடுத்தரம் என்று வரும். காரணியாக மாற்றி நிலைகளை நாமே வரிசைப்படுத்தினால் தீர்ந்தது. இயல்பான வரிசை இல்லாத பெயர்களை 'ஃபார்கேட்ஸ்' பேக்கேஜின் உதவியால் மதிப்பின் ஏறுவரிசையில் அடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு இரகங்களை ஒப்பிடும் படத்தில் இந்த ஒரு மாற்றம் தரும் தெளிவு வேறு எதிலும் கிடைப்பதில்லை. குழுக்கள் மிகுந்துவிட்டால் 'ஃபேசெட்_ராப்' கொண்டு கட்டங்களாகப் பிரிப்பது நல்லது. ஆனால் கட்டத்துக்குக் கட்டம் அளவுகோலை மாற விட்டுவிட்டு, பட்டைகளின் உயரத்தை ஒப்பிடச் சொல்வது வாசகரை ஏமாற்றுவதாகும்.

நிறங்களைப் பற்றி ஒரு குறை. தானாக வரும் சிவப்பு, பச்சை, நீல நிறங்கள் ஒரே வெளிச்ச அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. எந்தக் குழுவும் தனித்து முந்தி நிற்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதற்குப் பின்னே இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஆய்வேடுகள் கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குப் போகின்றன. கருப்பு வெள்ளையில் நகலெடுத்ததும் மூன்று குழுக்களும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்களுக்கும் இதே சிக்கல்தான். 'விரிடிஸ்' நிறத்தொகுப்பு இப்போது பேக்கேஜுக்குள்ளேயே இருப்பதால், ஒரு வரி சேர்த்து இரண்டு தொல்லைகளையும் தவிர்க்கலாம்.

மாற்றுகளையும் சொல்லியாக வேண்டும். தரவை முதன்முதலில் தனக்காக மட்டும் பார்ப்பவருக்கு ஆரின் அடிப்படை 'பாக்ஸ்பிளாட்' கட்டளையே போதும். அது இன்னும் விரைவு. தில்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த தீபாயன் சர்க்கார் உருவாக்கிய 'லேட்டிஸ்', ஆரை நிறுவும்போதே உடன் வருகிறது. கட்டங்களாகப் பிரித்து ஒப்பிடுவதில் இன்றும் சளைத்ததன்று. ஆனால் அதில் ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஏற்றுவது கடினமாக இருந்ததால்தான் நான் விலகினேன். பைத்தானில் வேலை செய்பவர்களுக்குச் 'சீபார்ன்' இருக்கிறது. குழு ஒப்பீட்டுக்கு அது குறைந்த எழுத்தில் நல்ல படம் தரும். ஜிஜிபிளாட்2 இலவசம், திறந்த மூலம். 2025 செப்டம்பரில் வந்த 4.0.0 பதிப்பு உள்கட்டமைப்பையே மாற்றியதால் சில துணைப் பேக்கேஜ்கள் தடுமாறின. நடுவழியில் இருக்கும் ஆய்வேட்டுக்குப் பதிப்பை மாற்றாமல் முடித்துவிடுவது நல்லது.

தமிழில் அச்சுப் பெயர்களை எழுத விரும்புவோருக்காக ஒரு குறிப்பு. ஆரின் இயல்பான பிடிஎஃப் வழியில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் வரும். இது ஜிஜிபிளாட்2-இன் குறையன்று. எழுத்துகளைக் கோத்து வரையும் வேலை அதன் கையில் இல்லை. 'ராக்' என்ற பேக்கேஜை நிறுவிவிட்டால், பிஎன்ஜி படமாகச் சேமிக்கும்போது ஜிஜிபிளாட்2 தானாகவே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கணினியில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றிருந்து அதன் பெயரையும் தந்தால், கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமர்கின்றன. சென்ற மாதம் ஒரு மாணவிக்காக மூன்று உர அளவுகளின் விளைச்சலைப் புள்ளிகளாக வரைந்து, 'ஹெக்டேருக்குக் கிலோ' என்று செங்குத்து அச்சில் எழுதிப் பார்த்தோம். 'டே', 'லோ' இரண்டும் பிசகாமல் வந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே அச்சுக்கு அனுப்பினோம்.